குழியில் எது வளர்கிறது: முழங்கால் குருத்தெலும்புக்கு இரண்டு அறுவை வழிகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன், வாலிபால் வலையருகே தடுப்பதற்காக எழும்பி ஒற்றைக் காலில் இறங்கியபோது, என் இடது முழங்காலில் தொடையெலும்பின் உட்புற முனையிலிருந்து ஏறத்தாழ 2 சதுர சென்டிமீட்டர் குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. ஒரு மருத்துவர், எலும்பில் சிறு துளைகள் இட்டுப் புதிய திசுவை வளரவிடும் மைக்ரோஃபிராக்சர் போதும் என்றார். இன்னொருவர் என் மூட்டிலிருந்தே எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பு முளைகளை (ஆப்பு போன்ற சிறு துண்டுகளை) எடுத்துக் குழியில் பதிக்கும் மொசைக்பிளாஸ்டியைப் பரிந்துரைத்தார். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன், இன்றும் அதன் பக்கமே சாய்கிறேன்.

குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் அது தானாக ஆறுவது அரிது என்பதையும், முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் பிறைவடிவத் திசுவான மெனிஸ்கஸ் கிழிவது வேறு சங்கதி என்பதையும் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. மைக்ரோஃபிராக்சரின் நன்மைகளும் வெளிப்படையானவை: தோலில் இடும் சிறு துளை வழியாகவே ஒரே அமர்வில் முடிந்துவிடும், செலவு குறைவு, வேறிடத்திலிருந்து எதையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980-களில் உருவாக்கிய இம்முறையில், குழியின் அடியிலுள்ள எலும்பில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் இடப்படுகின்றன. அவற்றின் வழியே மஜ்ஜையிலிருந்து கசியும் இரத்தம் உறைந்து, காலப்போக்கில் திசுவாக மாறுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தத் திசு எத்தகையது என்ற கேள்விதான். இயல்பான மூட்டுக் குருத்தெலும்பு வழவழப்பானது, அழுத்தத்தைத் தாங்கிப் பழையபடி நிமிரக்கூடியது. மைக்ரோஃபிராக்சருக்குப் பின் வளர்வதோ பெரும்பாலும் தழும்புக்கு நெருக்கமான நார்க் குருத்தெலும்பு. சிவப்பு ஆக்சைடு தரையில் பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசினால் முதல் ஆண்டு நன்றாகவே இருக்கும். பிறகு ஓரத்தில் விரிசல் விடும். நடந்து திரிபவருக்கு அந்தப் பூச்சு பல ஆண்டுகள் தாங்கலாம், ஆனால் நாளொன்றுக்கு நூறு முறை எழும்பி இறங்குபவருக்கு அது எத்தனை பருவம் வரும் என்பதே கவலை. மொசைக்பிளாஸ்டியில் பதிக்கப்படுவது அசல் குருத்தெலும்பே. முளையின் அடியிலுள்ள எலும்பு சுற்றியுள்ள எலும்போடு சில வாரங்களில் ஒட்டிக்கொள்கிறது.

லித்துவேனியாவின் கவுனஸ் நகரில் 60 இளம் விளையாட்டு வீரர்களை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. முளை பதித்தவர்களில் 93 விழுக்காட்டினர் பழைய தரத்துக்குத் திரும்பினர்; மைக்ரோஃபிராக்சர் செய்தவர்களில் 52 விழுக்காட்டினரே திரும்பினர். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது அத்தரத்தில் நீடித்தவர்கள் முறையே 75, 37 விழுக்காட்டினர். இரண்டுமே தேய்ந்தன என்பதையும் மறைக்கக் கூடாது, ஆனால் இடைவெளி மூடவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான அலசலும் ஏறத்தாழ இதே திசையில், 93-க்கு 58 என்று காட்டியது. எனினும் முளை பதிப்பது பொதுவாகச் சிறிய குழிகளுக்கே என்பதால், அந்தத் தொகுப்பை நேருக்கு நேர் பந்தயமாகக் கொள்ளலாகாது.

மைக்ரோஃபிராக்சருக்காக வாதிடுவோர் கூடைப்பந்து வீரர் அமாரே ஸ்டவுடமயரைக் காட்டுவர். 2005 அக்டோபரில் சிகிச்சை பெற்ற அவர், 2006-07 பருவத்தின் 82 ஆட்டங்களிலும் ஆடி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பருவத்தின் சிறந்த ஐவரைக் கொண்டு அறிவிக்கும் முதல் அணியில் தேர்வானார். அது உண்மைதான். ஆனால் 2010-இல் நியூயார்க் அணி அவரைப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்தபோது, அவருடைய முழங்கால்களுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் முன்வரவில்லை. அந்த முழங்கால்கள் எத்தனை காலம் தாங்கும் என்பதைக் காப்பீட்டாளர்கள் எப்படிக் கணித்தார்கள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி தேவையில்லை.

சொந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பதிக்கும் மூன்றாவது வழியை நான் நெருங்கிப் பார்த்ததில்லை. அதற்கு இரண்டு அறுவைகளும் நீண்ட காத்திருப்பும் தேவை. நார்வேயில் 80 பேரிடம் நடந்த ஒப்பீட்டில் அது மைக்ரோஃபிராக்சரைக் கணிசமாக மிஞ்சவில்லை. பெரிய குழிகளில் நடந்த பிந்தைய ஆய்வுகள் அதற்குச் சாதகமாக இருந்தன. குழி 4 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால் என் அனுபவம் உங்களுக்குப் பயன்படாது, ஏனெனில் அவ்வளவு முளைகளை எடுக்க மூட்டில் இடமிருக்காது.

என் வழிக்கும் விலை இருந்தது. ஆறு வாரம் ஊன்றுகோல், பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி, எட்டாம் மாதத்தில்தான் மீண்டும் ஆட்டம். இப்போதும் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் இடது காலை நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு எடுத்த எம்ஆர்ஐ படத்தில் பதித்த முளைகள் சமதளமாக இருப்பதை மருத்துவர் காட்டினார். அடுத்து, முட்டிச் சில்லுக்கு அருகே முளைகளை எடுத்த இடத்தைச் சுட்டி, அங்கே நிரம்பியிருப்பது நான் தவிர்க்க நினைத்த அதே நார்க் குருத்தெலும்புதான் என்றார். படியிறங்கும்போது வலிப்பதும் அந்த இடத்தில்தான்.