வகுப்பில் குறிப்பெடுக்க: லாங் சைஸ் நோட்டா, லேப்டாப்பா?

கோவையில் பொறியியல் படித்த காலத்தில் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து, கடைசியில் நான் நிலைத்தது லாங் சைஸ் நோட்டில்தான். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

லேப்டாப்பின் வேகமும், வேண்டிய சொல்லைத் தேடி எடுக்கும் வசதியும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் வெப்ப இயக்கவியல் வகுப்பில் ஆசிரியர் கார்னோ சுற்றின் (இலட்சிய வெப்ப எந்திரம் இயங்கும் நான்கு கட்டச் சுழற்சி) வரைபடத்தைப் போர்டில் போடும்போது, வெப்பநிலை மாறாத இரண்டு சமவெப்பக் கோடுகளையும் இரண்டு வெப்பப் பரிமாற்றமில்லாக் கோடுகளையும் பேனாவால் உடனே வரைந்து அம்புக்குறி இட்டுவிடலாம். விசைப்பலகையில் அதற்கு வழி தேடுவதற்குள் போர்டு அழிக்கப்பட்டுவிடும். கையால் எழுதுவோருக்குக் கருத்து நன்றாகப் புரிகிறது என்று உளவியல் ஆய்வாளர்களான முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். 2019இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை என்பதால், என் வாதத்தை அதன்மேல் நிறுத்த விரும்பவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒன்றே: எழுதியதைத் திரும்பப் படிக்கிறோமா என்பது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வால்டர் பாக் 1950களில் வகுத்த முறைப்படி, பக்கத்தின் இடப்புறம் சுமார் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போட்டு, வலப்புறம் பாடத்தை எழுதி, அன்று மாலையே இடப்புறத்தில் அதற்கான கேள்விகளை எழுத வேண்டும். "வெப்பநிலை மாறாத கட்டத்தில் வேலை எங்கிருந்து வருகிறது?" என்பது போன்ற கேள்விகள் அவை. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் இரண்டு மார்க் வினாக்களும் பதின்மூன்று மார்க் வினாக்களும் வருகின்றன; இடப்புறக் கேள்விகளில் பல இரண்டு மார்க்குக்கே நேராக உதவும், வலப்புறம் பெரிய விடைக்கு அடிப்படையாகும். பொள்ளாச்சியிலிருந்து வரும் கூட்டமான பேருந்தில் நின்றபடியே வலப்புறத்தைக் கையால் மறைத்து எனக்கு நானே கேட்டுக்கொள்ள முடிந்தது. அங்கே லேப்டாப்பைத் திறக்கவே முடியாது. மாலை வேலையைத் தள்ளிப்போட்டால் மட்டும் இம்முறை பயன் தராது, ஏனெனில் சில நாள் கழித்துப் பார்க்கும்போது நம் சுருக்கெழுத்தே நமக்கு விளங்காது. தேர்வுக்கு முந்தைய வாரம் ஜெராக்ஸ் கடையில் வாங்கும் பிறர் நோட்டு இதற்கு ஈடாகாது. அந்தக் கேள்விகளை நாம் யோசித்து எழுதியிருக்க மாட்டோம்.

பேனாவால் எழுதும் டேப்லெட் இரண்டின் நன்மையையும் தரக்கூடும். நண்பருடையதைச் சிறிது நேரமே கையாண்டிருக்கிறேன். எழுத இதமாக இருந்தது, ஒரு செமஸ்டர் முழுக்க எப்படி உழைக்கும் என்பதை அதை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். படமோ சமன்பாடோ இல்லாமல் விரிவுரையாகவே நடக்கும் சட்டம், வரலாறு போன்ற பாடங்களுக்கு லேப்டாப்பே பொருத்தமாக இருக்கலாம்.