குங்ரூ பன்றிக்குட்டி வாங்க இருப்பவர்கள் கவனத்துக்கு

தேனி மாவட்டத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் சிறிய கொட்டகை போட்டபோது, எல்லோரும் வளர்க்கும் வெண்பன்றியை விட்டு நாட்டினம் ஒன்றை வளர்க்க விரும்பினேன். வடக்கு வங்கத்தின் குங்ரூ, கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனத்தில் பதிவு பெற்ற இனம். கறுப்பு உடல், மேல்நோக்கி வளைந்த சப்பை முகம், தொங்கும் அகன்ற காது, ஓர் ஈற்றில் நிறையக் குட்டிகள். வெளிமாநில வியாபாரி ஒருவர், கலப்பில்லாத ஜோடி என்று சொல்லி, இரண்டு மாதக் குட்டிகள் இரண்டை 24,000 ரூபாய்க்கு விற்றார்.

இனப்பெருக்கத்துக்கென விற்கும் கால்நடையில் நடக்கும் மோசடி, பெரும்பாலும் அடுத்த தலைமுறை பிறந்த பிறகே வெளிப்படுகிறது. எட்டாம் மாதத்தில் இணை சேர்த்து, 114 நாள் சினைக்காலம் முடிந்து, ஒன்பது குட்டிகள் பிறந்தன. இரண்டு செம்பழுப்பு நிறம். ஒன்றுக்கு மலவாயே இல்லை. இன்னொன்றுக்குத் தொப்புளில் குடலிறக்கம். கறுப்பு இணைக்குச் செந்நிறக் குட்டி பிறப்பதால், இரண்டின் வழியிலும் செந்நிற டூராக் போன்ற சீமையினம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார் கால்நடை மருத்துவர். பிறவிக் குறைகளைப் பார்த்தவர், "ரெண்டையும் ஒரே ஈத்துல வாங்கினீங்களா?" என்று கேட்டார். உடன்பிறந்தவை இணைந்தால் இத்தகைய குறைகள் வரும் வாய்ப்பு கூடும்.

வியாபாரி முன்பு அனுப்பிய படத்தை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். ஒரே தாயிடம் இரண்டும் பால் குடித்துக்கொண்டிருந்தன. அந்தப் படத்தில் மகிழ்ந்துதான் முன்பணமே அனுப்பியிருந்தேன்!

அவர் எழுதிக் கொடுத்த தாளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டதாக இருந்தது. இந்தியாவில் 2020-இல், அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்நோய்க்கு இங்கே தடுப்பூசி புழக்கத்தில் இல்லை. இருப்பது, வேறொரு நோயான பழைய பன்றிக் காய்ச்சலுக்கான ஊசி மட்டுமே. அந்த ஒரு வரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

ஆகவே, தாய்ப்பன்றியையும் கிடாவையும் நேரில் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள். ஆணையும் பெண்ணையும் உறவில்லாத வெவ்வேறு வழிகளிலிருந்து எடுங்கள். காதில் வெட்டுக்குறியும் அதற்கு ஒத்த ஈற்றுப் பதிவேடும் உண்டா என்று பாருங்கள். எந்த ஊசி, எந்தத் தேதி என்பதை மருத்துவர் கையெழுத்தோடு கேளுங்கள். புதிதாக வரும் குட்டிகளை ஒரு மாதமாவது தனியே வையுங்கள்.

வியாபாரியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ஒன்னு ரெண்டு அப்படித்தான் சார் வரும்" என்றார். பிறகு அழைப்பை எடுக்கவில்லை. கிடாவை இறைச்சிக்குக் கொடுத்துவிட்டேன். சென்ற வாரம் அவருடைய விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. விலை கூடியிருக்கிறது, படம் அதேதான். இடது ஓரத்தில், ஒரு கால் மட்டும் வெள்ளையாக நிற்கும் குட்டி இப்போது என் கொட்டகையில் இருக்கிறது.