செக்-இன் பெட்டியில் கேம்பிங் கேஸ் போகும் என்று சொல்லி விற்கிறார்கள், எச்சரிக்கை

மணாலி மலையேற்றத்துக்காகச் சென்னையில் ஒரு மலையேற்றப் பொருள் கடையில் மடக்கு அடுப்பும் இரண்டு பியூட்டேன் கேஸ் கேன்களும் வாங்கினேன். டெல்லி வரை விமானத்தில் போகிறேன், இதைக் கொண்டு போகலாமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். "ஹேண்ட் லக்கேஜ்லதான் கூடாது சார், செக்-இன்ல போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் விற்பனையாளர். அதையே பில்லில் எழுதித் தரச் சொன்னதற்குச் சிரித்து மழுப்பிவிட்டார்.

மீனம்பாக்கத்தில் பெட்டி எக்ஸ்ரேயில் சிக்கியது. என்னை அழைத்துத் திறக்கச் சொன்ன அதிகாரி, கேனின் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருந்த தீச்சுவாலைக் குறியை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டார். அடுப்பு புதியது என்பதால் தப்பியது.

சர்வதேச விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐஏடிஏவின் (IATA) விதிகளின்படி, எரிவாயு நிரப்பிய கேம்பிங் கேன்களுக்குக் கைப்பையிலும் இடமில்லை, செக்-இன் பெட்டியிலும் இடமில்லை. பாதி தீர்ந்த கேனும் இதில் அடக்கம். பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்ற திரவ எரிபொருளும் அப்படியே. அவற்றில் எரிந்த பழைய அடுப்பை மட்டும், விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு செக்-இன்னில் அனுப்பலாம். அதற்கும் எரிபொருள் கலத்தைக் குறைந்தது 1 மணி நேரம் வடியவிட்டு, பிறகு ஆவி போகும்படி குறைந்தது 6 மணி நேரம் மூடியில்லாமல் திறந்து வைத்து, மூடியை இறுக்கி, ஈரம் உறிஞ்சும் தாளில் சுற்றி, பாலித்தீன் பையிலிட்டு வாயைக் கட்ட வேண்டும். துடைத்துவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பிக் கிளம்பினால், கவுன்ட்டரிலேயே அடுப்பும் போய்விடும்.

இத்தனைக்கும் அந்தக் கேன் குளிர்ப்பிரதேசத்துக்கு ஏற்றதே அல்ல. கடுங்குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது என்பதால்தான் மலையேறுபவர்கள் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேன்களைத் தேடுகிறார்கள். அவற்றையும் போய் இறங்கிய ஊரில்தான் வாங்க முடியும்.

திரும்பி வந்து பணம் கேட்டபோது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பில் வாசகத்தைக் காட்டினார்கள். பொருளின் பயன்பாடு பற்றி வாய்மொழியாகப் பொய் சொல்லி விற்பதும் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது: கேன்களின் விலைக்கு அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளச் சீட்டுத் தருகிறார்களாம். பணமாகத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.