இலையுதிர் கால இலைகளைப் பதப்படுத்த: புத்தகமா, மெழுகா, கிளிசரினா?

இலையுதிர் காலத்தில் தோட்டத்தைக் கூட்டும்போது நாலு நல்ல இலைகளைத் தனியே எடுத்து வைக்காதவர்கள் குறைவு. சிவப்பும் மஞ்சளும் செம்பு நிறமுமாகக் கிடப்பதை அப்படியே குவியலில் தள்ள மனம் வராது. ஆனால் எடுத்து வந்ததை மேசைமேல் சும்மா போட்டு வைத்தால் சில நாளில் சுருண்டு, தொட்டதும் நொறுங்கிவிடும். வீட்டில் தோரணமாகவோ வாசல் கதவில் இலை வளையமாகவோ வைக்க வேண்டுமென்றால் முதலில் பதப்படுத்தியாக வேண்டும்.

அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் மூன்று. புத்தகத்துக்குள் அழுத்திக் காயவைப்பது, உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பது, கிளிசரின் கரைசலில் ஊறவைப்பது. மூன்றையும் செய்து பார்த்த பிறகு நான் கிளிசரின் பக்கம் வந்துவிட்டேன். அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

அழுத்திக் காயவைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, மேலே கனமாக எதையாவது வைத்தால் போதும். முதல் சில நாள்களுக்குத் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். செலவே இல்லை. நிறத்தைக் காப்பதில் இதற்குத்தான் முதலிடம், அதில் சந்தேகமே வேண்டாம். வாழ்த்து அட்டை, கண்ணாடிச் சட்டம், புத்தக அடையாளம் என்று தட்டையாக ஒட்டும் வேலை எதுவானாலும் நான் இன்றும் அழுத்திய இலையைத்தான் எடுப்பேன்.

மெழுகு பார்க்க மிக அழகு. முக்கி எடுத்த இலையில் நிறம் பளிச்சென்று எழும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும், பாரஃபின் மெழுகு பெரும்பாலும் அதற்கும் குறைவான சூட்டிலேயே உருகிவிடும். எதுவானாலும் நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்க வேண்டும், பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். மெழுகில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது; அடுப்பை அணைத்து மூடி போட்டு மூட வேண்டும். குழந்தைகளோடு சேர்ந்து செய்யும் வேலையாக இதை நான் நினைக்க மாட்டேன். இலையில் துளி ஈரம் இருந்தாலும் மெழுகு அந்த இடத்தில் பிடிக்காது. சில வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் ஈரத்தால் இலை மெல்லப் பழுப்பாகும். ஒருநாள் விசேஷத்துக்குத் தோரணம் கட்ட வேண்டுமா, தாராளமாக மெழுகில் செய்யுங்கள்.

சரி, கிளிசரினுக்கு வருவோம். உயிரோடிருக்கும் இலையை மிருதுவாக வைத்திருப்பது அதிலுள்ள நீர். அது ஆவியானதும் இலை விறைத்து நொறுங்குகிறது. கிளிசரின் அப்படி ஆவியாகிப் போவதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நீர் இருந்த இடத்தில் கிளிசரின் போய் உட்கார்ந்துவிட்டால் இலை காய்ந்தும் காயாத நிலையிலேயே நின்றுவிடும். நன்றாக ஊறிய இலையை நடுநரம்போடு சேர்த்து விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். கீறல் விழாமல் வளைந்து, விட்டதும் மெல்ல நிமிரும். தொட்டால் மெல்லிய தோல் பையைத் தொடுவது போல இருக்கும்.

கிளிசரின் ஒரு பங்கு, சூடான தண்ணீர் இரண்டு பங்கு. கிளிசரின் தண்ணீரைவிடக் கனம் என்பதால் ஊற்றியதும் அடியில் போய்த் தங்கும். அடிவரை நன்றாகக் கலக்க வேண்டும். தனி இலையானால் அகலமான தட்டில் கரைசலை ஊற்றி இலைகளைப் பரப்பி, மேலே மிதக்காமலிருக்க இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைக்கலாம். இலையின் தடிமனைப் பொறுத்து இரண்டு நாள் முதல் ஆறு நாள் வரை ஆகும். எடுத்துத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

கிளையோடு வேண்டுமென்றால் நேரம் பார்த்து வெட்ட வேண்டும். இலை நிறம் மாறத் தொடங்கும் சமயத்தில் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு உதிர்வு அடுக்கு உருவாகி, நீரோட்டத்தை அடைத்துவிடும். அதற்குப் பிறகு கிளையைக் கரைசலில் நிறுத்தினால் அது மேலே ஏறாது, இலைகளும் கொட்டிவிடும். அதனால் முற்றிய பச்சை இலை இருக்கும்போதே, பருவத்தின் தொடக்கத்தில் வெட்ட வேண்டும். அடித்தண்டை இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பிளந்துவிட்டு, அது மூழ்கும் அளவு கரைசலில் நிழலான இடத்தில் நிறுத்துங்கள். குறையக் குறைய ஊற்றிவர வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் நிறமாற்றம் நரம்பு வழியாக ஏறி இலை நுனியைத் தொடும். தடித்த இலைகளுக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும். மக்னோலியா, யூகலிப்டஸ், ஓக், பீச் எல்லாம் இதற்கு நன்றாகவே ஒத்துவரும். பெரணி போன்ற மெல்லிய இலைகளில் எனக்கு அனுபவம் குறைவு. தட்டில் ஊறவைத்தபோது சுமாராக வந்தது, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வெட்டுவதில் ஒரு எச்சரிக்கை. வசந்தத்தில் பூக்கும் லைலாக் போன்ற புதர்கள் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளை இப்போதே கட்டி வைத்திருக்கும். அவற்றில் கத்தரிக்கோல் வைத்தால் அத்தனை பூவும் போய்விடும்.

நிறத்தில் கிளிசரின் தோற்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. பச்சை இலை ஆலிவ் நிறத்துக்கோ வெண்கலப் பழுப்புக்கோ போகும். சிவப்பு கருத்துத் தெரியும், மஞ்சள் கொஞ்சம் மங்கும். பளிச்சென்ற மேப்பிள் சிவப்பு அப்படியே வேண்டுமென்பவர்கள் புத்தகத்துக்கே போகலாம்.

பிறகு ஏன் கிளிசரின்? தூசிதான் காரணம். வீட்டுக்குள் தொங்கும் எந்த அலங்காரத்திலும் தூசி படியும், ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். எதை வைக்கலாம் என்று யோசிக்கும்போது எல்லாரும் முதல் நாள் அழகைத்தான் பார்க்கிறோம். ஆனால் அதைத் துடைக்க வேண்டிய நாளில்தான் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அழுத்திக் காய்ந்த இலைமேல் துணி பட்டாலே ஓரம் உதிரும், தூரிகையால் தட்டினாலும் நுனி முறியும். கண்ணாடிக்குப் பின்னால் இல்லாவிட்டால் அதைச் சுத்தம் செய்யவே முடியாது. மெழுகு இலையில் தூசி ஒட்டிக்கொள்ளும், அழுத்தித் துடைத்தால் வெள்ளையாகக் கீறல் விழும், வெயில் படும் சன்னலோரத்தில் மெழுகே இளகும். கிளிசரின் இலையை நனைத்துப் பிழிந்த துணியால், கையில் ஏந்தித் துடைக்கலாம். ஒன்றும் ஆகாது. கழற்றி, பெட்டியில் போட்டு, அடுத்த பருவத்தில் எடுத்துத் திரும்பக் கட்டலாம்.

இலை வளையம் செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கத்தரித்த கொடித்தண்டுகளைப் பச்சையாக இருக்கும்போதே வட்டமாக வளைத்து, முனைகளை உள்ளே செருகிக் காயவிட்டால் நல்ல சட்டம் கிடைக்கும். அதில் காம்புகளைக் கம்பியால் சுற்றி இறுக்கும்போது காய்ந்த இலையின் காம்பு பட்டென்று ஒடியும். கிளிசரின் காம்பு சுற்றுக்கு இணங்கி வளையும். தப்பாகக் கட்டினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம்.

இதற்கும் ஒரு தொல்லை உண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் இலை நுனியில் பிசுபிசுப்பாகச் சிறு துளிகள் நிற்கும், சுவரில் பட்டால் கறை பிடிக்கும். தேவைக்கு மேல் ஊறவைத்த இலைகளில்தான் இது அதிகம். அடிப்பக்கம் எண்ணெய் தடவியதுபோல் மின்னத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். குளியலறைக்கு மூன்றில் எதுவுமே சரிவராது.

தூக்கிப் போடும் நாள் வந்தால், அழுத்திய இலைக்கு வழி சுலபம். தோட்டத்து இலைக்குவியலோடு சேர்த்து ஈரமாக வைத்திருந்தால் பூஞ்சைகள் ஒன்று இரண்டு ஆண்டில் அதை நல்ல இலைமக்காக மாற்றிவிடும். பாரஃபின் பூசியதைக் குவியலில் போடாதீர்கள். கிளிசரின் மக்கக்கூடியதுதான், கொஞ்சமாகக் கிழித்துக் கலந்து போடலாம்.

கடைசியாக மிச்சமாகும் கரைசல். அதைக் கொட்ட வேண்டாம். துணியில் வடிகட்டி, ஒருமுறை சூடாக்கி ஆறவைத்து, மூடிபோட்ட புட்டியில் வைத்தால் அடுத்த தட்டு இலைக்கு ஆகும். பூஞ்சை வாடை வந்திருந்தால் மட்டும் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.