டீசல் எஞ்சினா, சோலார் மோட்டாரா?

கிணற்றுத் தண்ணீரை இறைத்து வயலுக்குப் பாய்ச்ச இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் விவசாயிகள் கேட்கும் கேள்வி இது.

வாங்கும் செலவு
டீசல்: சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும்.
சோலார்: லட்சங்களில் போகும். ஆனால் 2019-இல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தில் தமிழ்நாட்டு விவசாயிக்கு 60% மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஓட்டும் செலவு
டீசல்: 5 எச்.பி. எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஒரே நாளில் 450 ரூபாய்க்கு மேல் புகையாகப் போகிறது. என்னைக் கேட்டால், கடன் ஏறுவதே இங்கேதான்.
சோலார்: வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை.

பராமரிப்பு, ஆயுள்
டீசல்: ஆயில், ஃபில்டர், நாசில் என்று மெக்கானிக்கைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.
சோலார்: பேனல் 25 வருடம் வரும். பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோலரும் மோட்டாரும் அதற்கு முன்பே பழுதாகலாம்.

வசதி
டீசல்: ராத்திரியிலும் ஓடும். டிராக்டரில் ஏற்றி அடுத்த வயலுக்கும் கொண்டுபோகலாம்.
சோலார்: காலையில் தண்ணீர் நூலாகத்தான் வரும்; பத்தரை மணிக்குக் குழாய் நிறைந்து கொட்டும். மேகம் மூடினால் சட்டென்று தளர்ந்துவிடும். புழுதி படிந்த பேனலை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சொந்தக் கிணறு, தினமும் பாய்ச்ச வேண்டிய காய்கறி, தென்னை என்றால் தயங்காமல் சோலார். ஒரு தொட்டி கட்டி, சொட்டுநீரும் போட்டுவிட்டால் மேகமூட்டத்தைச் சமாளிக்கலாம். குத்தகை நிலம், வருடத்தில் நாலைந்து தண்ணீர்தான் என்றால் எஞ்சினே போதும்.