முழு கேப்பா, ஆன்லேயா?

பல் மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கைப்பழக்கமானது முழு கேப்தான், அதாவது பல்லை முழுக்க மூடும் உறை. கடைவாய்ப்பல்லில் பெரிய சொத்தை என்றால் சுற்றிலும் ராவி, கேப் மாட்டிவிடுவோம். கேப்பின் பீங்கானுக்கு இடம் வேண்டுமே! மேலே ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர், பக்கங்களில் சுமார் 1 மில்லிமீட்டர். அதில் நல்ல எனாமலும், அதாவது பல்லின் கெட்டியான மேல் அடுக்கும், சேர்ந்து போய்விடும். ராவிய பல் ஒரு சின்ன முளை மாதிரி நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு மனசு மாறியது.

ஆன்லே அப்படியில்லை. அது பல்லின் ஒரு பகுதியை மட்டும் மூட ஒட்டும் துண்டு. பல்லின் மேல்பக்கம் உடைந்த முகட்டை மூடும், நன்றாக இருக்கும் பக்கச் சுவரை விட்டுவிடும். பிடிமானம் ஒட்டுவதில் இருக்கிறது. 1955இல் மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கிப் பிசினை ஒட்டிக் காட்டினாரே, அந்த வழிதான். ஆனால் ஒட்டும்போது எச்சில் பட்டால் போச்சு. எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைப் போட்டு, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

சுற்றிலும் எனாமல் ஓரம் கிடைத்தால் ஆன்லேதான் சொல்வேன். சுவரே மிஞ்சவில்லை என்றால் சரி, கேப் போடலாம். "கேப் போட்டா அப்புறம் கவலை இல்லையே டாக்டர்?" என்று கேட்பார்கள். இருக்கிறது. கேப்பின் ஓரத்தில், ஈறை ஒட்டி, பிரஷ் சரியாகப் படாத இடத்தில் திரும்பவும் சொத்தை வரும்.