திருவாரூர் – காரைக்குடி ரயில்: ஒரு கிராமத்து ஹால்ட்டில் ஏறி இறங்கும் பயணியின் அனுபவம்

திருவாரூர் – காரைக்குடி அகலப் பாதையில் 2019 ஜூன் 1 அன்று பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல், கொரோனா காலம் போக, இந்த வழியில் தொடர்ந்து போய்வருகிறேன். திருத்துறைப்பூண்டிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே ஒரு சின்ன ஹால்ட்தான், அதாவது ரயில் நின்றுபோகும் சிறு நிறுத்தம்தான், எங்கள் ஸ்டேஷன். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ரயில் நன்றாக இருக்கிறது, அதில் ஏறுகிற இடத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மீட்டர் கேஜ் காலத்துக் குலுக்கல் இப்போது துளியும் கிடையாது. டெமு என்கிற டீசல் வண்டியின் பெட்டியில் காற்றோட்டம் நன்றாக இருக்கும். மூட்டை முடிச்சோடு ஏறினாலும் வைக்க இடம் கிடைக்கும். முழங்கால் வலிக்காரர்களைத் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போக பஸ்ஸைவிட ரயில்தான் வசதி, காலை நீட்டி உட்காரலாம். என் அம்மா பஸ் என்றாலே முகம் சுளிப்பார், ரயில் என்றால் கிளம்பிவிடுவார்.

ஆரம்பத்தில் பட்ட பாடு வேறு. 149 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆனது. வழியில் ஏகப்பட்ட லெவல் கிராசிங், ஆனால் கேட் கீப்பர்கள் போதவில்லை. அதனால் நடமாடும் கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் கடந்துபோய் மறுபடி நிற்கும். பின்பக்கம் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். கொளுத்துகிற வெயிலில் அந்த மனிதர்கள் இறங்கி ஏறியதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. பிறகு கேட்டுகளுக்கு ஆள் போட்டார்கள், பயண நேரமும் வெகுவாகக் குறைந்தது. தொடர்ந்து கேட்டால் நடக்கும் என்பதற்கு எங்கள் பாதையே சாட்சி. 2023 ஏப்ரலில் தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸும் இந்த வழியாக வந்தது.

சரி, இனி ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

எங்கள் ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் நிரந்தர ஊழியர் இல்லை. ஹால்ட் ஏஜென்ட் என்பார்கள். விற்கிற டிக்கெட்டுக்குக் கமிஷன், அவ்வளவுதான் வருமானம். பத்து ரூபாய் டிக்கெட்டில் அவருக்கு என்ன மிஞ்சும்? அதிலும் பாதிப்பேர் மொபைலில் எடுக்கத் தொடங்கிய பிறகு கைக்கு வருவது இன்னும் சுருங்கிவிட்டது. எங்கள் ஏஜென்ட் ஒருநாள் வருவதை நிறுத்திக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடு கவுண்டர் மட்டும் போகவில்லை, பிளாட்பாரத்து விளக்கும் போய்விட்டது. சுவிட்ச் இருக்கும் அறையின் சாவி அவரிடம்தான் இருந்தது. சாயங்கால வண்டியில் இறங்குபவர்கள் செல்போன் டார்ச் வெளிச்சத்தில்தான் நடந்து வந்தார்கள். மழைக்காலத்தில் வயல்காட்டுப் பாம்புகள் மேட்டுக்கு வரும், மேடு என்றால் எங்கள் ஊரில் பிளாட்பாரம்தான். புகார் கொடுத்தோம். "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. விளக்கு எரிய மாதக்கணக்கில் ஆனது.

மொபைல் டிக்கெட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ரயில்வேயின் டிக்கெட் ஆப்பில் எவ்வளவு தூரத்திலிருந்தும் டிக்கெட் எடுக்கலாம் என்று 2024ல் தளர்த்திவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷனுக்குள், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுக்க விடாது. ரயிலில் ஏறிய பிறகு டிக்கெட் எடுத்து ஏமாற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, நியாயம்தான். ஸ்டேஷனுக்குள் எடுக்க வேண்டுமென்றால் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். எங்கள் ஸ்டேஷனில் அந்தத் தாள் வெயிலில் வெளுத்து, ஓரம் கிழிந்து, எந்த போனுக்கும் பிடிபடவில்லை. அதனால் விஷயம் தெரியாமல் உள்ளே வந்தவர்கள் மறுபடி ரோட்டுக்கு ஓடுவார்கள். டீக்கடை வாசலில் நின்றால் டிக்கெட் விழும். போன் இல்லாத வயசாளிகள், "தம்பி, எனக்கும் சேத்து ஒண்ணு போட்டுருங்க" என்று சில்லறையை நீட்டுவார்கள். என் போனில் எடுத்த டிக்கெட் என் போனில்தான் இருக்கும். அவர் ஓர் ஊரிலும் நான் வேறோர் ஊரிலும் இறங்க வேண்டியிருந்தால் அவருக்காக எடுத்து என்ன பயன்? இப்படி டிக்கெட் இல்லாமலே ஏறி, பரிசோதகர் வந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தபடி உட்கார்ந்திருக்கும் கிழவிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காசு கொடுக்கத் தயாராக வருகிறவர்களை இந்த நிலையில் வைப்பது அநியாயம்.

இதன் விளைவு அதோடு நிற்பதில்லை. ஹால்ட்களை எச்ஜி-1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள், வருடத்துக்கு எத்தனை பேர் அங்கிருந்து பயணம் செய்கிறார்கள் என்பதை வைத்து. ஒரு லட்சம் வரை என்றால் கடைசித் தரம். தரத்துக்கு ஏற்றபடிதான் வசதி. டிக்கெட் கொடுக்க ஆளில்லை, எனவே கணக்கில் பயணிகள் இல்லை, எனவே நிழற்கூரையும் தண்ணீர்க் குழாயும் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி, தவறவிட்டால் அன்றைக்கு பஸ்தான் என்கிற ஊரில் லட்சம் பேர் எப்படிச் சேர்வார்கள்?

கட்டணத்தையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளைச் சிறப்பு ரயில் என்று இயக்கிக் குறைந்தபட்சக் கட்டணத்தை 10லிருந்து 30 ரூபாயாக்கினார்கள். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழையபடி 10 ஆனது. நடுவில், 2021ல், நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது. களை பறிக்கப் போகிற பெண்கள் எதில் ஏறுவார்கள்? அப்போது பஸ்ஸுக்குப் போனவர்களில் பலர் இன்னும் திரும்பவில்லை.

எங்கள் ஸ்டேஷனில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த கஜா புயலில் சாய்ந்தது. புதிய பிளாட்பாரத்தில் அதற்குப் பதில் ஒரு கன்றுகூட நடவில்லை. தகரக் கூரை போட்ட இடத்தில் நாலு பேர் நிற்கலாம். பக்கவாட்டில் சீமைக்கருவேல் புதராக மண்டி பெயர்ப்பலகையைப் பாதி மறைத்துவிட்டது. ஒருமுறை ஊர்ப் பையன்கள் அரிவாளோடு போய் வெட்டினார்கள். அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. வேரோடு எடுக்க இயந்திரம் வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும்.

பெரிய ஸ்டேஷன்களுக்குப் பணம் வருகிறது. அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்த மன்னார்குடி நிலையத்தை 2025 மே மாதம் திறந்துவைத்தார்கள். போய்ப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. நாங்கள் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. எரிகிற விளக்கு, குடிக்கத் தண்ணீர், நாலு மரக்கன்று, படிக்கக்கூடிய கியூஆர் தாள், வண்டி வரும் நேரத்தில் மட்டுமாவது டிக்கெட் கொடுக்க ஓர் ஆள். ஏஜென்டுக்குக் கமிஷனோடு மாதம் ஒரு குறைந்தபட்சத் தொகையும் கொடுத்தால் எங்கள் ஊரிலேயே அந்த வேலைக்கு ஆள் கிடைக்கும்.

இதைச் சலுகையாகவும் நாங்கள் கேட்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு இந்தப் பக்கத்து நிலங்களுக்கு ரயில்வேக்கென்றே தனி வரி போட்டு, அந்தப் பணத்தில் போட்ட பாதை இது. 1894ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்தது, 1903ல் அறந்தாங்கியை எட்டியது. எங்கள் பாட்டன் பூட்டன் நெல் விற்ற காசு இந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது. அகலப் பாதை வேலைக்காக 2012ல் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு வருடம் பொறுத்திருந்தோம். கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் சிலர் புதிய ரயிலைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு ஒன்று. திரும்பி வரும்போது பெரிய ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்காமல், உங்கள் ஹால்ட் வரைக்கும் டிக்கெட் எடுங்கள். போகும்போது வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் ஹால்ட்டின் பெயரைப் போட்டு மொபைலில் எடுத்துவிடுங்கள். போன் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் அதே ஊருக்கு வந்தால் அவருக்கும் சேர்த்தே எடுங்கள். நம் ஹால்ட்டிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் நம் ஸ்டேஷன் கணக்கில் ஏறும். அப்புறம், விளக்கு எரியாவிட்டால் அன்றைக்கே ரயில்வே உதவி எண்ணான 139க்குப் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த மனுவில் அந்த எண்களை வரிசையாக எழுதித்தான் கொடுக்கப் போகிறோம்.